மீதி

"பழைய பதிப்பை இன்னும் ஏன் சார் வச்சிருக்கீங்க?"

பால் கம்பெனியில் சேர்ந்த முதல் நாளே புரோகிராமர் கேட்டுவிட்டாள். ஒரே கணினியில் ஒரே நிரல்மொழியின் இரண்டு பதிப்புகள், ஓர் அடுப்படியில் இரண்டு ஓரகத்திகள் மாதிரி, ஒன்றை ஒன்று ஏறிட்டும் பார்க்காமல் வேலை செய்துகொண்டிருந்தன.

"அப்பா தொட விடமாட்டார்," என்றார் சின்ன முதலாளி. "பில், சம்பளம் எல்லாம் புதுசுல ஓடுது. காலையில கடைகளுக்குப் பால் பங்கு போடுறது மட்டும் பழசுல. தினம் ஒரு கேன் மிஞ்சுது. மிஞ்சினதுக்குக் கணக்கே இல்ல. பழசு என்னைக்காவது படுத்துடும். நீங்க பாத்து செய்யுங்க."

பெரிய முதலாளியைப் பற்றி அலுவலகம் முழுக்க ஒரே பேச்சுதான். விருந்தாளி உட்கார்ந்ததும் மின்விசிறியை நிறுத்துகிறவர். டீயில் பால் அதிகம் என்று குறைப்படும் பால் வியாபாரி.

மத்தியானத்துக்குள் குட்டு வெளிப்பட்டது. இரண்டு பதிப்புகளையும் பக்கம் பக்கமாகத் திறந்து, ஏழை இரண்டால் வகுக்கச் சொன்னாள். (ஏழு என்ற எண்ணைத்தான். மற்ற ஏழைகள் பிறகு வருவார்கள்.) புதியது மூன்றரை என்றது. பழையது மூன்று என்று சொல்லிவிட்டு அரையை உதறிவிட்டது.

கடைக்குக் கடை உதறிய அரையும் காலும் சேர்ந்தால் ஒரு கேன். இனி, அந்தக் கேனை அடிக்கிற ஆள் யார் என்பதுதான் பாக்கி.

மறுநாள் காலை வண்டிகள் கிளம்பியதும் கேன் பின்வாசலுக்குப் போயிற்று. அவளும் பின்னாலேயே போனாள்.

தூக்கிக்கொண்டு போனவர் பெரிய முதலாளி. வெளியே, தெரு பெருக்கி முடித்த பெண்கள் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, பாத்திரங்களோடு நின்றார்கள்.

"நுரையை ஊத்தாதீங்கய்யா, பாலை ஊத்துங்க."

"நுரையும் பால்தாம்மா."

திரும்பியவர் அவளைப் பார்த்துவிட்டார். "மாட்டிக்கிட்டேனா?"

"உங்க பால்தானே ஐயா. நேராவே குடுக்கலாமே?"

"தர்மம்னு எழுதினா, லாபம் குறையுற அன்னைக்கு முதல்ல அதைத்தான் வெட்டுவாங்க. நானே வெட்டுவேன், என்னை எனக்குத் தெரியாதா? மீதியை யாரும்மா வெட்டுவா?" குரல் தணிந்தது. "பழசை எடுத்துடுவியா?"

"எடுத்துத்தான் ஐயா ஆகணும்."

அவர் கேனைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை ஊற்றினார்.

அன்று மாலை பழைய பதிப்பு போயிற்று.

அடுத்த நாள் காலை புதியதுதான் பங்கு போட்டது. கடைசி வண்டியும் கிளம்பியது. கூடத்தின் நடுவில் ஒரு கேன், கழுத்து வரை பாலோடு நின்றது.

பெரியவர் கேனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து, கேனைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்கு நடந்தார்.

சின்ன முதலாளி உள்ளே வந்தார். "பழசு போயாச்சா?"

"போயாச்சு சார். ஆனா மீதி வருது." அவள் திரையைக் காட்டினாள். வருவது வரட்டும். "வகுக்கறதுக்கு ஒரு சாய்கோடு போட்டா புதுசு துல்லியமாப் பிரிக்கும். ரெண்டு போட்டா பழசு மாதிரியே அரையை உதறிடும். நான் ரெண்டு போட்டுட்டேன்."

அவர் அந்த இரண்டு கோடுகளையும் வெகுநேரம் பார்த்தார். பின்வாசலிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது: "நுரையும் பால்தாம்மா."

"அந்த ரெண்டாவது கோட்டை யாரும் அழிச்சிடாம பாத்துக்கோங்க," என்றார். "அதுக்குத்தான் உங்களைச் சேர்த்ததே."