ஜன்னலோரத் தூக்கம்

பஸ் வளைவில் திரும்பியதும் அவள் தலையை ஜன்னல் கண்ணாடியில் சாய்த்துக் கண்களை மூடிக்கொண்டாள்.

இன்னும் ஒரு நிமிடத்தில் வீட்டு நிறுத்தம். அங்கே இடுப்பில் குழந்தையும் தோளில் பால்புட்டிப் பையுமாகக் கணவன் நின்றுகொண்டிருப்பான். அவள் இறங்கிக் குழந்தையை வாங்கிக்கொள்ள வேண்டும். அவன் ஓடிப்போய் எதிர்ப்பக்க பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். இன்று அவனுக்கு சூப்பர்வைசர் பரீட்சை. வருடத்துக்கு ஒரே தடவைதான் வைப்பார்கள்.

அந்த வீடு அப்படித்தான் ஓடியது. ஒருவர் வேலை முடிந்து இறங்கினால்தான் இன்னொருவர் ஏறலாம். அவனுக்கு டயர் தொழிற்சாலை, அவளுக்கு ரத்தப் பரிசோதனைக்கூடம். நடுவில் இரண்டரை வயது வாண்டு. அதைத் தூக்கி வைத்துக்கொள்ள வேறு நாதி கிடையாது. புருஷனும் பெண்டாட்டியும் முகம் பார்த்துக்கொள்வதே அந்த நிறுத்தத்தில்தான்.

போன வருடம் அங்கே குழந்தையோடு நின்றது அவள்.

காலையில் குழந்தை, மாலையில் வேலை, கிடைத்த இடுக்கில் பாடம் என்று நாக்குத் தள்ளப் படித்த படிப்புக்கு அன்று கடைசிப் பேப்பர். பாஸ் பண்ணினால் பரிசோதனைக்கூடத்துக்கே பொறுப்பாளர், அவனைவிட ஒரு படி மேல். அதைச் சொல்லி அவனுடைய கூட்டாளிகள் அவனைக் கேலி செய்ததும் உண்டு.

பஸ் வந்தது. நாலு பேர் இறங்கினார்கள். அவனைக் காணோம். பார்த்தால் ஜன்னலோரம் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் ஓடிப்போய்க் கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டினாள். அதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. அடுத்த நிறுத்தம் பாலத்துக்கு அந்தப் பக்கம். அவன் திரும்பி வந்து சேர்வதற்குள் அங்கே பரீட்சைக் கூடத்தின் கதவைச் சாத்திவிட்டார்கள்.

“அசந்துட்டேன்டி. இப்ப என்ன குடி முழுகிப் போச்சு? அடுத்த வருஷம் எழுதிக்கலாம்.”

சிரித்துக்கொண்டே சொன்னான், மகராசன். அவள் குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

ஆனால் அவனுடைய பரீட்சைத் தேதி தெரிந்த அன்றே போய்க் காலை ஷிப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவன் மாலை ஷிப்டுக்கு மாறினான். பிள்ளைக்காக எவ்வளவு யோசிக்கிறாள் பார் என்று எல்லோரும் மெச்சினார்கள்.

தூங்குவதுபோல நடிக்கவும் பழகினாள். கண்ணை மூடிக்கொண்டு தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்க முடியுமா என்ன? அதனால் குழந்தைக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். அது குட்டி விரலால் அவள் இமையைத் தொட்டுப் பார்க்கும். முதலில் ஒவ்வொரு தடவையும் கண்டுபிடித்துக் கைகொட்டிச் சிரித்தது. போன வாரம் தொட்டுப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் இறங்கிப் போய்விட்டது.

பஸ் குலுங்கி நின்றது. யார் யாரோ இறங்கினார்கள். அவள் அசையவில்லை. பக்கத்து இருக்கை காலி. எழுப்பிவிட ஆள் இருக்கக்கூடாது என்று பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தாள்.

காதோரம் கண்ணாடி அதிர்ந்தது. ஒன்று, இரண்டு. அவன் இரண்டோடு நிறுத்தவில்லை. அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே உள்ளங்கையால் அடித்தான். பரீட்சை பரீட்சை என்று என்னவோ அலறினான்.

அந்த அமளிக்கு நடுவே குழந்தையின் குரல் கேட்டது.

“உஷ்ஷ்... அப்பா! அம்மா தூங்குறாங்க.”

அவள் இமை துடிக்கப் பார்த்தது. பல்லைக் கடிக்கக்கூட இல்லை, தாடை காட்டிக் கொடுத்துவிடும். பஸ் கிளம்பியது. கண்ணாடி அமைதியானது.

பாலத்தின்மேல் ஏறிய பிறகுதான் கண்ணைத் திறந்தாள். வீட்டுக்குப் போனதும் சொல்ல வேண்டிய பதில் தயாராகவே இருந்தது, அவன் சொன்ன அதே வார்த்தைகள்.

அவன் செய்ததில் ஒரே ஒரு பிசகைத்தான் அவள் திருத்தியிருந்தாள். போன வருடம் அவள் இரண்டாவது தடவை கண்ணாடியைத் தட்டியபோது, உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவன் கண்களை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டான்.