பழைய எஸ்கலின்

அந்த ஜிம்மில் ஒரு வழக்கம் உண்டு. சேருகிற அன்றைக்கு எடுத்த போட்டோவை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கிக் குத்துப்பையில் ஒட்டிவிடுவார்கள். தொங்கும் தாடையும் சரிந்த வயிறுமாய் நின்ற பழைய எஸ்கலினை, இளைத்துப்போன எஸ்கலின் வெறிபிடித்தவளைப் போலக் குத்திக்கொண்டிருந்தாள்.

“அவதான் உங்க எதிரி. பாவம் பாத்தீங்க, திரும்ப வந்து ஒடம்புல ஒட்டிக்குவா. குத்துங்கக்கா!” என்று மாஸ்டர் பின்னாலிருந்து கத்தினார்.

ஒரு குத்தில் மூக்கு கிழிந்தது. அடுத்தது வயிற்றில் இறங்க, பையும் சேர்ந்து பிளந்து உள்ளே அடைத்திருந்த கந்தல் துணி சரிந்து தொங்கியது. எஸ்கலினுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணாடி பார்க்கவே கூச வைத்தவளைக் கொல்வதில் இவ்வளவு சுகமா!

பள்ளிக்கூடம் விட்டு வந்த அவளுடைய சின்ன மகள் ஷைனி, புத்தகப்பையை ஜிம் வாசலிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தாள். அம்மாவைத் தாண்டிப் போய், ஆடிக்கொண்டிருந்த குத்துப்பையைக் கட்டிக்கொண்டாள். கிழிந்த வயிற்றில் கன்னத்தை அழுத்தியபடி எஸ்கலினைப் பார்த்து அலறினாள்.

“எங்கம்மாவ அடிக்காத!”

எஸ்கலினின் அடுத்த குத்து அதற்குள் தோளிலிருந்து கிளம்பியிருந்தது.