இடது பக்க ரப்பர்

“திருப்பிக் குடுக்கப்போற வண்டிக்கு எதுக்கு வே மட்பிளாப்பு?”

வெற்றிலையைத் துப்பிவிட்டு ஞானதுரை கேட்டார். என் மனைவியின் அண்ணன். மூன்று மாதத்துக்கு முன்பு வரை என்னை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டார்.

நான் துல்கர்னைனின் பழைய டயர் கடைக்குள் போனேன். வெளியே சாரல். வண்டியின் பின்பக்கம் முழுவதும் செங்கோட்டை ரோட்டுச் சேறு.

ஜெபமலர், என் மனைவி, பிள்ளை இல்லாமல் இறந்தாள். சீதனமாக வந்ததெல்லாம் திரும்பிப் போக வேண்டும் என்பது வழக்கம். கட்டிலும் பீரோவும் போன மாதமே பாவூர்சத்திரத்தில் அவள் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டன. இன்று வண்டி.

பி.ஏ. முடித்து வேலையில்லாமல் இருந்தவனுக்கு மாமனார் ராணுவ ஏலத்தில் எடுத்துக் கொடுத்த வில்லீஸ் பிக்கப். இனி ஞானதுரை அதில் தினமும் காய்கறி ஏற்றித் தென்காசிக்கு வருவார். வெறும் வண்டியோடு திரும்புவார்.

சேறு தெறிக்காமல் சக்கரத்துக்குப் பின்னால் தொங்கவிடும் ரப்பரில் துல்கர்னைன் மூன்று வகை எடுத்துப் போட்டார்.

மதுரையிலிருந்து வந்த புது ரப்பர் மெல்லியது. வேகம் எடுத்தால் காற்றில் தூக்கிக்கொள்ளும். லாரி டயரில் அறுத்தது வளைவாகவே நின்றது. மூன்றாவது, அரிசி மில்லில் கழித்துப் போட்ட பெல்ட். நல்ல கனம். தொங்கவிட்டால் அசையாது.

பெல்ட்டைக் காட்டினேன்.

“பாய், நீருதான் சாட்சி,” என்றார் ஞானதுரை. “நாளைக்கு, ‘நானும் வண்டிக்குச் சாமான் போட்டிருக்கேன், எனக்கும் பங்கு உண்டு’ன்னு இவரு பஞ்சாயத்துல வந்து நிப்பாரு. காலேஜ் மூளைல்லா.”

“ரெண்டு துண்டு பெல்ட்டுக்கு வண்டி கெடைக்கும்னா, அண்ணாச்சி, நான் இந்நேரம் முப்பது லாரிக்கு முதலாளி.”

துல்கர்னைன் வலது பக்கம் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு, இரும்புப் பட்டை வைத்து போல்ட்டை முறுக்கினார்.

“இடது பக்கம் தரைக்கு நாலு விரல்தான் இருக்கணும். அகலமும் கூட்டி வைங்க.”

துல்கர்னைன் நிமிர்ந்து பார்த்தார். “பின்னால எடுக்கையில டயருக்கடியில மாட்டிப் பிஞ்சிரும், சார்.”

“பிஞ்சா வேற மாட்டுவாங்க.”

ஞானதுரை எழுந்து வந்தார். “ஒத்தக் காலுக்கு மட்டும் வேட்டியை எறக்கிவிட்ட மாதிரி இருக்கு. சந்தையில அம்புட்டுப் பேரும் சிரிப்பான்.” கீழே கிடந்த கத்தியை எடுத்தார். “நானே வெட்டுதேன்.”

பெல்ட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

“வெட்டினா சாவி கிடையாது.”

கத்தி எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. துல்கர்னைன் மெல்லப் பின்னால் நகர்ந்தார்.

“என் தங்கச்சி முகத்தைக்கூடக் காட்டாமப் பொதச்சீரு. ஒரு ராத்திரி வச்சிருக்க முடியல உம்மால. இப்போ ரப்பருக்கு அளவு சொல்லுதீரு.”

உண்மைதான். அன்று அவர் கொல்லத்தில் லோடு இறக்கிக்கொண்டிருந்தார். சித்திரை வெயில். வைத்திருக்க வேண்டாம் என்றார்கள். சரி என்றேன். அவர் வந்து சேர்ந்தபோது என் கையில் மண் மட்டும் இருந்தது. ‘நீரு மண் போட்ட இடத்துல நான் கால் வைக்க மாட்டேன்’ என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். கால் வைக்கவும் இல்லை.

பெல்ட்டை நான் விடவில்லை.

கத்தியை டயர் குவியலில் வீசினார். “மாட்டித் தொலையும்.”

துல்கர்னைன் மாட்டினார். நான் போல்ட்டை இன்னொரு முறை முறுக்கிப் பார்த்தேன். சாவியை நீட்டினேன். ஞானதுரை என் விரல் படாமல் வாங்கிக்கொண்டார்.

வண்டி கிழக்கே போனது. பள்ளங்களில் இடது பக்க ரப்பர் ரோட்டை உரசியது.

ஊரைத் தாண்டியதும், பாவூர்சத்திரம் போகிறவர்களுக்கு இடது கைப் பக்கம், கல்லறைத் தோட்டம். போன வாரம் மழையில் அதன் மதில் விழுந்துவிட்டது. ரோட்டில் எப்போதும் தண்ணீர் நிற்கிற பள்ளத்துக்கு நேரே, முதல் கல்லறை ஜெபமலருடையது. இந்த வாரத்தில் மூன்றாவது தடவையாக இன்று காலை, வண்டிகள் தெறிக்கவிட்ட சேற்றைக் கழுவி வெள்ளையடித்துவிட்டு வந்திருந்தேன்.

பெயர் இன்னும் வெட்டவில்லை. ஞானதுரைக்கு அது ஏதோ ஒரு வெள்ளைக் கல்.