எச்சில் சோதனை

"யார் குழாய் செவக்குதோ, அவங்க சாயம் வெளுத்துச்சு!" மனார் கைதட்டிச் சிரித்தாள். ஹாஸிம் சிரிக்கவில்லை. சொட்டுமருந்தை இன்னும் திறக்காமலே பிடித்திருந்தான்.

நோன்பு நேரத்தில் எச்சிலில் நைட்ரைட் எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் அலெக்ஸாந்திரியாவின் அந்த ஆய்வுக்கூடத்தில் ரமலான் மாத வேலை. நோன்பு வாய் என்றால் மருந்து பட்டதும் வெளிறிய ரோஜா நிறம். கீரை ஏதாவது தின்ற வாய் என்றால் செக்கச்செவேல். வெளியாட்களைக் கூப்பிடுமுன் நாமே துப்பிப் பார்ப்போம் என்று மனார்தான் கிளப்பிவிட்டாள்.

"என்னுது எதுக்கும்மா?" என்று முனகிய பேராசிரியர் ஹிஷ்மத்தையும் அவள் விடவில்லை.

அவள் கிளப்புவதற்கு முன்பே ஹாஸிமின் நோன்பு போய்விட்டிருந்தது. விடியுமுன் சாப்பிடும் ஸஹருக்கு எழாமல் தூங்கிப்போனவன், பசி தாங்காமல் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து, ஒரு கட்டு ஜர்ஜீர் கீரையை ரொட்டியில் சுருட்டித் தின்றிருந்தான்.

ஹிஷ்மத் வெறும் பேராசிரியராக இருந்தால் பரவாயில்லை. ஹாஸிமுக்கு நிச்சயித்திருந்த லுப்னாவின் அப்பா. "நோன்பு பிடிக்காதவனுக்கு என் பொண்ணு கிடையாது" என்று நிச்சயத்தன்றே சபையில் சொன்னவர். நெற்றியில் தொழுகைத் தழும்பு, வாயில் எந்நேரமும் பல் துலக்கும் மிஸ்வாக் குச்சி.

எல்லாரும் சோதனைக்குழாயில் துப்பிவைத்துவிட்டு மாலை அஸர் தொழப் போனபோது ஹாஸிம் தன் குழாயைக் கொட்டிக் கழுவினான். இந்தக் கட்டடத்திலேயே சுத்தமான எச்சில் யாருடையது என்று யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. ஹிஷ்மத்தின் குழாயிலிருந்து பாதியை ஊற்றிக்கொண்டான்.

இப்போது முதல் குழாய், மனாருடையது. வெளிறிய ரோஜா. அடுத்த இரண்டும் அப்படியே.

நான்காவது ஹாஸிமுடையது. சொட்டு விழுந்ததும் பீட்ரூட் சாறு போல் சிவந்தது.

குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். சரியாகக் கழுவவில்லையா? அல்லாஹ்வே காட்டிக்கொடுத்துவிட்டானா?

"அடப்பாவி மாப்பிள்ளை!" மனார் வாயைப் பொத்திக்கொண்டாள். "சரி, அஞ்சாவது டாக்டரோடது. அதையும் போட்டுடு."

ஹிஷ்மத் எழுந்து வந்து ஐந்தாவது குழாயைக் கையால் மூடினார்.

"போதும். எல்லாரும் வெளிய போங்க. ஹாஸிம், நீ மட்டும் இரு."

கதவைத் தாழிட்டார். லுப்னாவிடம் என்ன சொல்லப் போகிறோம் என்று நினைத்தபோதே ஹாஸிமுக்குக் கண் கலங்கிவிட்டது.

"டாக்டர்... என்னை மன்னிச்சிருங்க. லுப்னாகிட்ட மட்டும்..."

அவர் ஐந்தாவது குழாயைக் கழுவுதொட்டியில் கவிழ்த்து, தண்ணீரைத் திறந்துவிட்டார். மிஸ்வாக்கை வாயிலிருந்து எடுத்துவிட்டு, அவன் வாயை ஒருமுறை மோந்து, காதோரம் குனிந்தார்.

"ஜர்ஜீர் எந்தக் கடையில வாங்கின? என்னுது இன்னிக்கு ஒரே வதங்கல்."