இடிக்கக் கூடாத சுவர்

கூரைக்கடியிலிருந்து ஏணியில் இறங்கி வந்த தர்லோவின் கைகளெல்லாம் கரி.

"ஐந்நூறு வருஷப் புகைங்க இது," என்றார், பழைய கட்டடங்களைப் பார்வையிட வந்த அந்த மாவட்ட அதிகாரி. "புகைபோக்கி வர்றதுக்கு முந்தியே கட்டின வீடு. நடுக்கூடத்துல தீ மூட்டியிருக்காங்க. முன்பக்கச் செங்கல்லு பிற்காலத்துல போர்த்தினது. உள்ள அத்தனையும் ஓக் மரம். இந்த சஃபோக் வட்டாரத்துல இப்படி நாலு வீடு பார்த்திருந்தா அதிகம்."

ஹில்டா அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற அக்கா டோரினுக்கு வயிறு எரிந்தது.

அப்பா வீட்டைத் தங்கைக்குத்தான் எழுதிவைத்தார். மூத்தவள் பதினோரு வருடமாகக் கறிக்கடை மாடியில் வாடகைக்கு இருக்கிறாள். ஞாயிறுதோறும் சாப்பிட வரும்போது, பிறந்த வீட்டின் கதவை விருந்தாளி மாதிரித் தட்டுவாள்.

போன மாதம் ஹில்டா கொத்தனாரை வைத்துக் கூடத்துக்கும் சரக்கறைக்கும் நடுவிலிருந்த சுவரை அளந்தாள். எதற்கென்று சொல்லவில்லை. டோரினும் கேட்கவில்லை.

இவள் இஷ்டத்துக்கு இடிப்பாளா?

பழைய வீட்டுச் சுவரை இடிக்கப் பார்க்கிறார்கள் என்று, அன்றே மாவட்ட அலுவலகத்துக்குப் பெயர் போடாமல் டோரின் ஒரு கடிதம் எழுதிப் போட்டாள்.

வந்த மனிதர் இப்படிப் புகழ்ந்து தள்ளுவார் என்று அவள் நினைக்கவில்லை. அவர் புகழப் புகழ வீடு பெரிதாகிக்கொண்டே போனது. அத்தனையும் தங்கைக்கு.

தர்லோ சுவரின் காரையைச் சுரண்டினார். உள்ளே குச்சிப் பின்னல், களிமண், வைக்கோல்.

"இதை மட்டும் தொடாதீங்கம்மா. வாசலைக்கூட அகலப்படுத்தக் கூடாது. உத்தரவு எழுத்துல வந்துரும்."

டோரினுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

அவர் போனதும் ஹில்டா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"ஊர்லயே பெரிய வீட்டுக்காரி ஆயிட்டே. அப்புறம் ஏன்டி மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?"

"அந்தச் சுவரு போனாத்தான்க்கா கட்டில் போட இடம். வாசல் அகலமானாத்தான் சக்கர நாற்காலி நுழையும்."

"யாருக்குடி சக்கர நாற்காலி?"

ஹில்டா அக்காவின் வீங்கிய முழங்கால்களைப் பார்த்தாள்.

"இனி உன்னால மாடிப்படி ஏற முடியாது, கொஞ்ச நாள்ல நடக்கவும் முடியாதுன்னு டாக்டர் என்கிட்ட சொன்னாரு. கேட்டா நீ வீம்பு பண்ணுவேன்னுதான், எல்லாம் முடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேன்."

கொத்தனார் வரைந்த தாளை எடுத்து மேசையில் விரித்தாள்.

சரக்கறை இருந்த இடத்தில், ஜன்னலை ஒட்டி ஒரு கட்டில். அதற்குள் ஹில்டாவின் கையெழுத்து, பென்சிலில்: அக்கா.