சுவர் தாண்டிய வயர்

"சார், இந்த வயர் யார் வீட்டுக்குப் போகுது?" மொட்டைமாடியிலிருந்து சோலார்காரர் கேட்டார்.

அவன் மேலே போய்க் கைப்பிடிச்சுவரில் குனிந்து பார்த்தான். அவன் வீட்டுப் பக்கச் சுவரில் இறங்கிய மஞ்சள் வயர் ஒன்று, மதிலில் இருந்த சின்ன சுவிட்ச் வழியாகப் பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் நுழைந்திருந்தது. காற்றில் ஆடாமல் இருக்க வழிநெடுகத் துண்டுத்துணியால் முடிச்சுப் போட்டிருந்தார்கள். பூப்போட்ட துணி, கோடு போட்ட துணி. பக்கத்து வீடு தையல்காரம்மாவுடையது.

"இதான் விஷயம்" என்றார் சோலார்காரர். "மிக்சி போட்டா லைட்டு மங்குதுன்னீங்களே. ஒரு வீட்டுக்குப் போட்டதை ரெண்டு வீடு இழுத்தா மங்காம என்ன செய்யும்?"

தெருவின் அந்தக் கோடிக்கு இன்னும் மின்கம்பம் வரவில்லை. இரண்டு வீடுகளும் அவரவர் மாடியில் விழும் வெயிலை நம்பித்தான் இருந்தன.

மனைவி போன பிறகு அவன் ஆபீஸ் பக்கமே போகவில்லை. இப்போதுதான் பின்வாசலில் தகரக் கொட்டகை போட்டு, மரம் அறுக்கும் மெஷினும் கடைசல் மெஷினும் வாங்கி வைத்திருந்தான். இன்னும் நான்கைந்து பேனலும் புது பேட்டரியும் சேர்த்தால் ஒர்க்‌ஷாப் ஓடும். அது ஓடினால்தான் தானும் எழுந்து நடமாடுவான் என்று அவனுக்குத் தோன்றியது.

"பழைய பேட்டரிக்குக் கடைசியா எப்போ தண்ணி ஊத்துனீங்க?"

"அவதான் ஊத்துவா."

பேட்டரியும் இன்வர்ட்டரும் மாடிப்படிக்கு அடியில் இருந்த அறையில் இருந்தன. அவளுடைய பெட்டிகளையும் அதற்குள் வைத்து மூடிய கதவை அவன் அதன்பிறகு திறக்கவில்லை.

"சரி, அதை அப்புறம் பார்ப்போம்" என்றார் சோலார்காரர். " முதல்ல இந்த வயருக்கு ஒரு வழி பண்ணுங்க."

கீழே சமையலறையில் அக்கா எதையோ அரைத்துக்கொண்டிருந்தாள். தம்பி சாப்பிடுகிறானா இல்லையா என்று பார்க்கக் காலையில்தான் வந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் மிக்சியை நிறுத்தினாள்.

"நம்ம கரண்டையா? நல்லா இருக்குடா கதை. உன்னையே தூக்கிட்டுப் போய் வித்தாலும் உனக்குத் தெரியாது. போ, போய் நறுக்குன்னு நாலு கேளு." மறுபடியும் மிக்சியைப் போட்டாள்.

அவன் போனபோது பக்கத்து வீட்டு ஜன்னலோரம் தையல்காரம்மா காலால் மிதித்துத் தைத்துக்கொண்டிருந்தார். போன வருஷம் மெஷினுக்கு மோட்டார் வைத்தவர், அதைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு மேஜை விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மிதிக்கக் கால் இருக்கிறது, காற்றுக்கு மட்டும் என் கரண்டா என்று நினைத்தான்.

"இந்த வயர் என்னம்மா?"

மெஷின் நின்றது. அவர் வயரைப் பார்த்தார். அவனைப் பார்க்கவில்லை.

"அது... எங்க வீட்டுக்காரர் போட்டது தம்பி. உங்க வீட்டுக்கு ஆளுங்க வர்றதும் போறதுமா இருந்தாங்களே, அந்தச் சமயம்."

"துக்க வீட்டுலயா?"

"அப்போ கேக்குற நிலைமையா தம்பி இருந்துச்சு?"

"கேட்டிருந்தா கொடுத்திருக்க மாட்டேனா?" அவன் குரல் உயர்ந்தது. கடைக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் பையும் கையுமாக நின்றார்கள்.

அவனுக்கே உடம்பு கூசியது. கடைசியாக அவளுக்கு உடுத்திவிட்டதுகூட இந்த அம்மா தைத்த உடுப்புதான். அன்று அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது, வாயில் தண்ணீர் டம்ளரை வைத்ததும் இவர்தான். எல்லாம் ஞாபகம் இருந்தது. வாய்தான் நிற்கவில்லை.

"பொண்டாட்டி செத்தவன், எதையும் கவனிக்க மாட்டான்னு நினைச்சீங்க. இல்ல?"

தையல்காரம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. தெருவில் நின்றவர்களை ஒருமுறை பார்த்தார். இப்போது இன்னும் ஒருவர் சைக்கிளை நிறுத்தியிருந்தார்.

"அப்படி இல்ல தம்பி. சாயந்திரம் அவரும் வந்துடுவார், நீங்களும் வாங்க. உள்ள உக்காந்து பேசிக்கலாம். இப்போ அதுல கை வைக்காதீங்க."

"ஏன், தெருவுல பேசினா மானம் போகுதா?"

அவர் கையில் இருந்த துணியை மடித்தார், மறுபடியும் பிரித்தார்.

"விடுங்க சார், பாவம்" என்றார் சைக்கிள்காரர். அந்தப் பாவம் யாருக்கு என்று கேட்கத் தோன்றியது அவனுக்கு. நாக்கைக் கடித்துக்கொண்டு மதிலுக்குப் போனான். மாடியிலிருந்து சோலார்காரரும் எட்டிப் பார்த்தார்.

"வேணாம் தம்பி." தையல்காரம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். "இத்தனை பேரு நிக்கும்போது வேணாம்."

அவன் சுவிட்சைக் கீழே தள்ளினான்.

பிறகு ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றான். மேஜை விசிறி சுற்றியது. அதன் காற்றில் ஒரு நூல் பறந்துகொண்டிருந்தது. விசிறி நிற்கவில்லை. தையல்காரம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

அவன் வீட்டுக்குள்ளிருந்து அக்கா குரல் கொடுத்தாள்.

"டேய், நம்ம வீட்ல கரண்டு போயிடுச்சுடா."