எதிர்ப்பெட்டி

"ஐசே, முதல் ஏறினது நாங்கள்! ஒழுங்கு தெரியாதோ உமக்கு?"

அந்தரத்தில் நின்ற இராட்டினப் பெட்டியிலிருந்து ஜெயகௌரி கீழே பார்த்துக் கத்தினார். பக்கத்தில் ஒன்பது வயது மகள் மதுரா கம்பியை இறுகப் பிடித்திருந்தாள்.

யாழ்ப்பாண நகரத்துக் களியாட்டத் திடலில் ஜெனரேற்றர் நின்றுபோய்ப் பத்து நிமிடமாகியிருந்தது. எட்டுப் பெட்டிகளிலும் ஆட்கள். இராட்டினக்காரர் சுப்யான் சக்கரத்தைக் கையால் சுற்றி, அவர்களை இறக்கிக்கொண்டிருந்தார்.

சற்று முன், முதற்பெட்டி இறங்கியதும் அதற்கு அடுத்திருந்த ஜெயகௌரியின் பெட்டி தரையை நெருங்கியது. அவர் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். பெட்டி நிற்கவில்லை. தரையைத் தாண்டி மறுபடியும் மேலே ஏறியது. கடைசியாக ஏறிய, முக்காடிட்ட ஒரு பெண்ணும் அவருடைய கணவரும் இருந்த பெட்டிதான் அடுத்துத் தரையில் வந்து நின்றது.

"பாத்தியளோ?" ஜெயகௌரி மற்றப் பெட்டிக்காரருக்கும் கேட்கச் சொன்னார். "தன்ரை ஆக்களை முதல் இறக்கிறான்."

"அதுதானே! எங்களைப் பாத்தால் அவருக்கு மனிசராத் தெரியேல்லையாக்கும்" என்றது இன்னொரு குரல். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

சுப்யான் நிமிர்ந்து பார்த்தார். வியர்வையைத் துடைத்துவிட்டு அடுத்த பெட்டியை இறக்கினார். அதுவும் ஒழுங்கு தப்பித்தான்.

ஈற்றில் இரண்டு பெட்டிகள் மிஞ்சின. உச்சியில் ஒரு தாயும் இரு பிள்ளைகளும். தரையில் ஜெயகௌரியும் மதுராவும்.

ஜெயகௌரி எழுந்தார்.

"அக்கா, இறங்காதேங்கோ! இருங்கோ! மண்மூட்டை எடுக்க ஆள் போயிருக்கு. ரண்டு நிமிசம்."

"இவ்வளவு நேரமும் இருத்தி வைச்சது காணாதோ?"

"சொல்லுறதைக் கேளுங்கோ அக்கா, மேலை..."

"உம்மடை கதை எனக்கு வேண்டாம். நான் ஒரு பள்ளிக்கூடத்து உப அதிபர். உமக்கு எதிரா எழுதிக் குடுக்காமல் வீட்டை போகமாட்டன்."

கொளுக்கியைத் தானே கழற்றி, மகளையும் இழுத்துக்கொண்டு இறங்கி நடந்தார்.

பின்னால் அலறல் எழுந்தது.

உச்சிப்பெட்டி தானாகச் சரியத் தொடங்கியிருந்தது. சுப்யான் சக்கரத்தைக் கட்டிப்பிடித்துத் தொங்கினார். அதனால் அது வேகம் எடுக்கவில்லை. தாயும் பிள்ளைகளும் ஒரு கீறல்கூடப் படாமல் இறங்கினார்கள். சுப்யானின் வலது கை கம்பிகளுக்கிடையில் அகப்பட்டு இரண்டு இடத்தில் முறிந்தது.

"நல்லகாலம், நாங்கள் இறங்கினது" என்றார் ஜெயகௌரி. மகளை அலுவலகக் கூடாரத்து வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே போய் முறைப்பாட்டை எழுதத் தொடங்கினார்.

நான்காம் நாள் மாநகரசபையில் விசாரணை. அதிகாரி செல்வநாயகம் ஜெயகௌரியின் இரண்டு பக்க முறைப்பாட்டை முழுவதும் வாசித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ரீச்சர், கரண்ட் இல்லாத நேரம் ஒழுங்கு தப்பித்தான் இறக்கவேணும். ஒரு பெட்டி இறங்கினால் அதுக்கு நேர் எதிர்ப்பெட்டிதான் அடுத்தது. வரிசையா இறக்கினால் ஒரு பக்கம் வெறுமையாகிப்போம். மற்றப் பக்கத்துப் பாரத்திலை சக்கரம் பிய்ச்சுக்கொண்டு சுத்தும்."

"அப்ப... ரண்டாவதா இறங்கின ஆக்கள்?"

"முதற்பெட்டிக்கு எதிரிலை இருந்தவை. அவ்வளவுதான்."

செல்வநாயகம் அடுத்த தாளை எடுத்தார்.

"அந்தாள் விட்டது ஒரேயொரு பிழை. கடைசி ரண்டு பெட்டியிலை கீழை இருக்கிறவையை, மண்மூட்டை வைக்குமட்டும் இறங்க விடக்கூடாது. இவர் உங்களை இறங்கச் சொல்லிப்போட்டார்."

ஜெயகௌரி நிமிர்ந்தார். "ஆர் சொன்னது?"

"அவரேதான். அந்த இடத்திலையே பொலிஸ் எழுதின வாக்குமூலம்." அவர் வாசித்தார். "'கீழ்ப்பெட்டியில் இருந்தவரை நான்தான் இறங்கச் சொன்னேன். அவர்மேல் பிழையில்லை.' நீங்கள் ஓமெண்டால் இதிலை கையெழுத்து வையுங்கோ. அவரின்ரை லைசென்ஸ் போகும். இனி எங்கையும் இராட்டினம் ஓட்டேலாது. இல்லையெண்டால் இப்பவே சொல்லுங்கோ."

'இல்லை' என்ற சொல் தொண்டைவரை வந்தது. அதைச் சொன்னால் அடுத்து வரக்கூடிய கேள்வியும் கூடவே வந்தது: அப்ப ஏன் இறங்கினீங்கள்? சாட்சி சொல்லக் காத்திருந்தவர்களில் இருவர், அவருடைய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பெற்றோர்.

"ஓம்" என்றார் ஜெயகௌரி. கையெழுத்து வைத்தார்.

வெளி விறாந்தையில், முறிந்த கையில் மாக்கட்டோடு சுப்யான் இருந்தார். அவரைக் கண்டதும் எழுந்து நின்றார். ஜெயகௌரி கடந்து போய், நின்று, திரும்பி வந்தார்.

"ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"அண்டைக்கு நீங்கள் கூடாரத்துக்குள்ளை நிக்கேக்கை உங்கடை பிள்ளை என்னட்டை ஓடிவந்தவ, அக்கா. 'எங்கடை அம்மாவாலையோ அங்கிள் கை முறிஞ்சது?' எண்டு கேட்டு ஒரே அழுகை. பொலிஸ் எழுதி முடிக்கும் வரைக்கும் என்ரை மற்றக் கையைப் பிடிச்சபடிதான் நிண்டவ. அவவுக்கு முன்னாலை நான் வேறை என்னெண்டு சொல்லுறது?"

ஜெயகௌரி, தான் கையெழுத்து வைத்த மேசையைத் திரும்பிப் பார்த்தார்.

"அது பரவாயில்லை. நீங்கள் ரீச்சர்தானே, உள்ளுக்கை உண்மையைச் சொல்லியிருப்பியள். வீட்டிலை பிள்ளைக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ, அக்கா."